பயணிகள் விமானமா, சரக்கு விமானமா? பைலட் ஆகப் போகும் கொங்குப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

பைலட் படிப்புக்குப் பணம் கட்டப் போகிற பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் என்னிடம் கேட்பதில் பாதி சம்பளத்தைப் பற்றித்தான் இருக்கும். மீதியில் ஒரு கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது: "சரக்கு ஃப்ளைட் ஓட்டுனா உலகமெல்லாம் சுத்தலாமுங்க, பாசஞ்சர் தொல்லை கிடையாதுங்க, நேரா அதுக்கே போயிரலாங்களா?" சங்ககிரியில் லாரித் தொழில் பார்க்கும் ஒரு குடும்பத்துப் பாட்டி இதையே வேறு விதமாகக் கேட்டார். "ஏங்கண்ணு, லோடு ஏத்திட்டுப் போறதுக்கா இத்தன லட்சம் கட்டிப் படிக்கற? அத உங்கப்பங்கிட்டயே கத்துக்கலாமல்லொ?"

பாட்டி கேட்டதில் விஷயம் இருக்கிறது. பஸ் ஓட்டுகிறவருக்கு டைம் கீப்பர் எஜமான். லாரி ஓட்டுகிறவருக்கு லோடு எஜமான். வானத்திலும் ஏறக்குறைய அதே கதைதான். எந்த எஜமானிடம் உங்கள் உடம்பும் குடும்பமும் ஒத்துப்போகும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் லைசென்ஸ் வாங்கி வரும் புதியவருக்கு முதல் வேலையில் பெரிதாகத் தேர்வு கிடையாது. யார் எடுக்கிறார்களோ அங்கே சேருவார், பெரும்பாலும் அது ஒரு பயணிகள் விமான நிறுவனமாக இருக்கும். இரண்டாவது வேலையில்தான் தேர்வு வரும். அப்போது கதவு திறந்திருக்க வேண்டுமானால் இப்போதே சில காரியங்களை வரிசை மாறாமல் செய்ய வேண்டும்.

முதல் படி: காட்டை விற்பதற்கு முன்னால் கண்ணைக் காட்டுங்கள்

மருத்துவச் சோதனைதான் முதலில். டிஜிசிஏ (இந்திய விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பு) அங்கீகரித்த மருத்துவரிடம் இரண்டாம் வகுப்புச் சோதனை, அதில் தேறினால் முதல் வகுப்புச் சோதனை. பெங்களூரில் உள்ள விமானப்படையின் வான்வெளி மருத்துவ நிறுவனம் நமக்குப் பக்கம். நிறக்குருடு, காது, இதயம், சர்க்கரை எல்லாம் அங்கே தெரிந்துவிடும். பயிற்சி நிறுவனத்துக்கு முன்பணம் கட்டியபிறகு இதைச் செய்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். கண்ணாடி போட்டிருப்பது மட்டும் பெரும்பாலும் தடையில்லை, அதற்காகப் பயந்து ஒதுங்க வேண்டாம்.

பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் வேண்டும். வணிகவியல் எடுத்தவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக அந்த இரண்டு பாடங்களை மட்டும் எழுதிச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

இரண்டாம் படி: லைசென்ஸ்

இதில் பயணிகள், சரக்கு என்ற பிரிவே கிடையாது. வணிக விமானி லைசென்ஸ் ஒன்றுதான்: 18 வயது, 200 மணி நேரப் பறப்பு, டிஜிசிஏ தேர்வுகளில் ஒவ்வொன்றிலும் 70 சதவீதம், அதோடு வானொலித் தொடர்புத் தேர்வு. உத்தரப் பிரதேசத்தில் ஃபர்சத்கஞ்சில் இருக்கும் அரசின் விமானப் பயிற்சி அகாடமி நெடுநாளாகப் பெயர் பெற்றது. இப்போது சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரத்திலேயே பயிற்சிக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். எங்கே சேர்ந்தாலும் ஒரு கேள்வியை விடாதீர்கள்: எத்தனை விமானம் பறக்கும் நிலையில் இருக்கிறது, எத்தனை மாணவர்? கொட்டகையில் நிற்கும் விமானத்தைக் கணக்கில் காட்டுகிறவர்கள் உண்டு. மொத்தச் செலவு அரைக் கோடியை ஒட்டி வந்துவிடும். ஒரு குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டுவதற்கான தனித் தகுதியான டைப் ரேட்டிங் அதற்கு மேல்.

மூன்றாம் படி: டைப் ரேட்டிங்கில் கதவை அடைத்துவிடாதீர்கள்

பெரும்பாலானவர்கள் கோட்டைவிடும் இடம் இது. ஒவ்வொரு பெரிய விமானத்துக்கும் தனியாக டைப் ரேட்டிங் வேண்டும். ஆனால் சரக்கு விமானத்துக்கென்று தனி ரேட்டிங் கிடையாது. ஏர்பஸ் ஏ320 குடும்பத்துக்கான ரேட்டிங் வைத்திருப்பவர் இண்டிகோவின் பயணிகள் விமானத்தையும் ஓட்டலாம், அதே நிறுவனம் 2022-லிருந்து பறக்கவிடும் ஏ321 சரக்கு விமானத்தையும் ஓட்டலாம். போயிங் 737-800ம் அப்படித்தான். அமேசானுக்காகக் குவிக்ஜெட் ஓட்டுவது அந்த விமானத்தைத்தான், சரக்குக்காக மாற்றியமைத்தது. போயிங் 777 ரேட்டிங் துபாய், தோஹா என்று வளைகுடாவில் பயணிகள், சரக்கு இரண்டு கதவையும் திறக்கும்.

போயிங் 757 வேறு கதை. சென்னையைத் தளமாகக் கொண்ட புளூ டார்ட் ஏவியேஷன் அதைப் பல வருடங்களாகப் பறக்கவிட்டது, அருமையான விமானம். ஆனால் அதன் உற்பத்தி 2004-லேயே நின்றுவிட்டது. இன்று அந்த ரேட்டிங்கை வைத்துக்கொண்டு வேலை தேடினால் போக இடம் குறைவு. 747-ம் இப்போது அநேகமாகச் சரக்குக்காரர்களின் விமானம். 2023 ஜனவரியில் போயிங் கடைசியாகக் கொடுத்த 747 கூட ஒரு சரக்கு விமானம்தான். எம்டி-11 என்ற பழைய ரகத்தின் கதை இன்னும் மோசம். 2025 நவம்பரில் அமெரிக்காவின் லூயிவில்லில் யுபிஎஸ் என்ற சரக்கு நிறுவனத்தின் எம்டி-11 விமானம் விபத்துக்குள்ளானதும் அந்த ரகம் முழுவதும் தரையில் நிறுத்தப்பட்டது. அதை மட்டுமே நம்பியிருந்த விமானிகளின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

ஆகவே சொந்தக் காசில் டைப் ரேட்டிங் செய்வதென்றால் ஏ320 அல்லது 737. வேறு எதையும், எவ்வளவு ஆசை காட்டினாலும், நிறுவனம் செலவு ஏற்காமல் தொடாதீர்கள்.

நான்காம் படி: இரண்டு வேலையையும் கிட்டத்தில் பாருங்கள்

பயணிகள் வேலை பெங்களூரு பேஸில், அதாவது பெங்களூரைத் தளமாக வைத்துப் பறந்தால், எப்படி இருக்கும்? அதிகாலையில் வீட்டு வாசலில் கார். பெங்களூரு, கோவை, மறுபடி பெங்களூரு, அங்கிருந்து இன்னொரு ஊர், திரும்ப பெங்களூரு. நாலு செக்டர். ஒவ்வொரு ஊரிலும் அரை மணி நேரத்தில் ஆளை இறக்கி, துடைத்து, எரிபொருள் போட்டு, ஆளை ஏற்றிக் கதவைச் சாத்த வேண்டும். நடுவே ஒருவருக்கு நெஞ்சு வலி வரும். ஒருவர் கழிவறையில் பீடி பற்ற வைப்பார். கோவை விமான நிலையம் இருக்கும் பீளமேட்டில் இறங்கும்போது பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனி, ஆடியில் விமானத்தைப் பிடித்து ஆட்டும். அந்தக் காற்றில் நிறையத் தடவை இறக்கிப் பழகிய கோ-பைலட்டுக்குக் கை நன்றாகப் படிந்துவிடும். தமிழில் அறிவிப்பு சொல்லிக் கைதட்டு வாங்குவதும் உண்டு, அந்தச் சந்தோஷத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து குழந்தையின் வீட்டுப்பாடத்தைப் பார்க்கலாம், அன்று நீங்கள் விழித்திருந்தால்.

சர்வதேசச் சரக்கு வேலையில் நாள் இரவில்தான் தொடங்கும். நிலையத்தின் ஒதுக்குப்புறத்தில் விமானம் நிற்கும். ஏரோபிரிட்ஜ் கிடையாது, மழையில் நனைந்தபடி படியேற வேண்டியதுதான். மேல்தளத்தில் இருக்கைகளுக்குப் பதில் உருளை பதித்த தரை, அதன் மேல் வலை போர்த்திக் கட்டிய பேலட்டுகள் (சரக்கு அடுக்கிய தட்டுகள்). ஏற்றும்போது பின்பக்கம் முதலில் கனத்துவிட்டால் வால் தரையில் உட்கார்ந்துவிடும் என்பதால் சில ரகங்களுக்கு வாலுக்கடியில் முட்டுக் கொடுப்பார்கள். 777 சரக்கு விமானம் சுமார் 100 டன் தூக்கும். 747-8 இன்னும் 30 டன்னுக்கு மேல் கூடுதலாகத் தூக்கும், மூக்கைத் திறந்து நீளமான இயந்திரத்தையும் உள்ளே விடலாம். பந்தயக் குதிரை வந்தால் கூடவே அதன் பராமரிப்பாளர் வருவார். கோழிக்குஞ்சு வந்தால் வெப்பநிலையைக் குஞ்சுக்கு ஏற்றபடி வைக்க வேண்டும். சாப்பாட்டை நீங்களே சூடு பண்ணிக்கொள்ள வேண்டும். லோடு வரத் தாமதமானால் காத்திருப்பீர்கள். யாரும் கேட்டைத் தட்டிக் கூச்சல் போட மாட்டார்கள், அது ஒரு நிம்மதி.

பிறகு ஹாங்காங்கிலிருந்து அலாஸ்காவின் ஆங்கரேஜ், அங்கிருந்து அமெரிக்காவின் உள்பகுதி. ஆங்கரேஜில் ஏன் இறங்குகிறார்கள் என்றால், வழியில் ஒருமுறை எரிபொருள் நிரப்பினால் அந்த எடைக்குச் சரக்கை ஏற்றிக்கொள்ளலாம். சரக்குக்கு இடைநிறுத்தம் பற்றிக் கவலை இல்லை. இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து வெளியே இருப்பீர்கள், பிறகு நீண்ட விடுப்பு. அந்த விடுப்பில் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று கோபியிலிருந்து ஒரு நண்பர் இந்த வேலைக்கே மாறினார். தேங்காய் போடும் நாளில் ஊரில் இருக்கிறார், தங்கை வீட்டுச் சீரில் இருக்க முடியவில்லை.

ஒரு நுணுக்கம். நீண்ட தூரப் பறப்பில் மணிக்கணக்கு ஏறும், ஆனால் மூன்று நான்கு விமானிகள் பங்கு போட்டுக்கொள்வதால் தரையிறக்கும் வாய்ப்பு மாதத்துக்குச் சில தடவைதான். 90 நாளில் மூன்று ஏற்றமும் மூன்று இறக்கமும் இருக்க வேண்டும் என்பது விதி. அதைக்கூட சிமுலேட்டரில் போய் நிறைவேற்றுகிறவர்கள் உண்டு. இளம் வயதில் கை பழக வேண்டிய காலத்தை இப்படிக் கழிப்பது நல்லதல்ல என்பது என் எண்ணம். முதல் சில வருடம் குறுகிய தூரப் பயணிகள் வேலை, நிறைய இறக்கம், கூடவே தலைமை விமானிக்கான ஏடிபிஎல் லைசென்ஸுக்குத் தேவையான 1500 மணி நேரம். அதற்குப் பிறகு சரக்கைப் பற்றி யோசிக்கலாம்.

ஐந்தாம் படி: உங்கள் தூக்கத்தைச் சோதித்துப் பாருங்கள்

அதிகாலை 2 மணியிலிருந்து 6 மணி வரை மனித உடம்பு அடிமட்டத்தில் இருக்கும். காபி குடித்தாலும் அது மாறாது. சரக்கு விமானத்தின் வேலை நேரம் பெரும்பாலும் அதுதான்.

2013 ஆகஸ்ட் 14 விடிவதற்கு முன் அமெரிக்காவின் பர்மிங்ஹாமில் யுபிஎஸ் 1354 தரையிறங்கும்போது ஓடுதளத்துக்கு முன்னாலேயே விழுந்தது; இரண்டு விமானிகளும் இறந்தார்கள். களைப்பும் ஒரு காரணம் என்று விசாரணை சொன்னது. கிடைத்த ஓய்வு நேரத்தைத் துணை விமானி தூக்கத்துக்குச் சரியாகப் பயன்படுத்தவில்லை என்றும் அறிக்கை எழுதியது. இந்த வேலைக்கு வருகிறவர்கள் படித்தே ஆக வேண்டிய அறிக்கை அது. அடுத்த ஜனவரியில் அமெரிக்காவில் புதிய ஓய்வு விதிகள் அமலுக்கு வந்தபோது பயணிகள் விமானிகளுக்கு மட்டும் அவை கட்டாயமாயின, சரக்குக்காரர்கள் வெளியே விடப்பட்டார்கள். தூக்கம் எல்லோருக்கும் ஒன்றுதானே என்று கேட்டால், செலவுக் கணக்குதான் பதிலாக வந்தது.

இந்தியாவில் வாராந்திர ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக்கி, இரவு இறக்கங்களை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்து டிஜிசிஏ விதி கொண்டுவந்தது. அதற்கேற்ப ஆள் திட்டமிடாததால் 2025 டிசம்பர் தொடக்கத்தில் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்ய நேர்ந்தது. அந்த வாரம் கல்யாணத்துக்குப் போக முடியாமல் நின்றவர்கள் விமானிகளைத் திட்டினார்கள். விதி எதற்காக வந்தது என்று கேட்டவர்கள் குறைவு.

சோதிப்பது எப்படி? பகல் வெளிச்சத்தில், வீட்டில் மிக்சி ஓடும் சத்தத்தில், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி ஒரு வாரம் பகலில் மட்டும் தூங்கிப் பாருங்கள். இரவில் விழித்திருந்து கணக்குப் போடுங்கள், படியுங்கள். திருப்பூரில் நைட் ஷிப்ட் பார்த்தவர் வீட்டில் இருந்தால் அவரிடம் கேளுங்கள். சிலருக்கு இது இயல்பாக வரும். வராதவர்கள் பழகிக்கொள்ளலாம் என்று நம்பிப் போக வேண்டாம், வயது ஏற ஏற இது கஷ்டமாகுமே தவிர லேசாகாது.

ஆறாம் படி: சரக்கின் ஆபத்தைப் படியுங்கள்

பயணிகள் விமானத்தில் புகை வந்தால் முதலில் பார்க்கக் கேபின் குழு இருக்கிறது. சரக்கு விமானத்தின் மேல்தளத்தில் யாரும் இல்லை. அங்கே தீயணைப்பு என்பது பெரும்பாலும் காற்றோட்டத்தை நிறுத்தி, கேபின் அழுத்தத்தை வெளியேற்றி, ஆக்சிஜனைக் குறைத்து நெருப்பை அடக்குவது. நீங்கள் முகமூடிக்குள் மூச்சு விட்டபடி ஓட்ட வேண்டும். 2010 செப்டம்பர் 3 அன்று துபாயிலிருந்து கொலோனுக்குக் கிளம்பிய யுபிஎஸ் 747-ல் லித்தியம் பேட்டரிச் சரக்கு தீப்பிடித்து, காக்பிட்டில் கருவிகளே தெரியாத அளவுக்குப் புகை நிறைந்தது. இரண்டு விமானிகளும் திரும்பவில்லை.

2013 ஏப்ரல் 29 அன்று ஆப்கானிஸ்தானின் பக்ராமில் நேஷனல் ஏர்லைன்ஸ் 747 கிளம்பிய உடனே விழுந்த காட்சியைப் பலர் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். லோடு பின்னால் நகர்ந்ததால் எடை சாய்ந்து விழுந்தது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். விசாரணையில் தெரிந்தது இன்னும் மோசமானது. கட்டு அவிழ்ந்த ராணுவ வாகனம் பின்சுவரை இடித்து, ஹைட்ராலிக் குழாய்களையும் வால் இறக்கையை இயக்கும் திருகையும் உடைத்துவிட்டது. ஏழு பேர் இறந்தார்கள். அதனால் "கட்டியாச்சு சார்" என்ற வார்த்தையைக் கேட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். எடைக் கணக்கு எழுதிய லோட்ஷீட்டையும் ஆபத்தான பொருள் பட்டியலையும் வாசியுங்கள். நேரம் இருந்தால் டார்ச் எடுத்துக்கொண்டு பின்னால் நடந்து பாருங்கள். சரக்கு ஏற்றுவதைக் கவனிக்கும் நல்ல லோட்மாஸ்டர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஏழாம் படி: எந்த நாட்டுக் கதவு திறக்கும்?

ஃபெடெக்ஸும் யுபிஎஸ்ஸும் பெரிய பெயர்கள். ஆனால் அமெரிக்காவில் வேலை செய்யும் உரிமையும் அந்த நாட்டு ஏடிபி லைசென்ஸும் வேண்டும். லக்சம்பர்க்கின் கார்கோலக்ஸ் போன்ற இடங்களுக்கு ஐரோப்பிய லைசென்ஸ் வேண்டும், அதற்குத் தேர்வுகள் புதிதாக எழுத வேண்டும். நம் பிள்ளைகளுக்கு நடைமுறையில் கிட்டுவது வளைகுடா. இந்திய லைசென்ஸை அங்கே மாற்றிக்கொள்ள வழியிருக்கிறது, கோவையிலிருந்து ஷார்ஜாவுக்கு நேரடி விமானமும் இருக்கிறது. டெல்லி பேஸில் இருப்பவரைவிட ஷார்ஜாவில் இருப்பவர் சீக்கிரமாக அன்னூர் வந்து சேருவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆங்கிலத் திறன் சான்று நான்காம் நிலையில் இருந்தால் மூன்று வருடத்துக்கொருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆறாம் நிலை வாங்கிவிட்டால் அந்த வேலை முடிந்தது. தமிழ் வழியில் படித்தோமே என்ற தயக்கம் வேண்டாம், வானொலி ஆங்கிலம் பேசிப் பேசி வருவதுதான்.

எட்டாம் படி: சந்தையைத் திருப்பூர்க்காரர் கண்ணால் பாருங்கள்

சரக்கு விமானம் ஏன் ஓடுகிறது என்பது திருப்பூரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. சாயம் தாமதம், கப்பல் தவறியது, பையர் தேதியை நீட்ட மறுக்கிறார் என்றால் ஏர்ல போட வேண்டியதுதான், செலவு எக்ஸ்போர்ட்டர் தலையில். லாரியில் பெங்களூருக்கோ சென்னைக்கோ கொச்சிக்கோ போய் அங்கிருந்து ஏறும். அவசரமும் நெருக்கடியும் இருக்கிற வரை சரக்கு விமானத்துக்கு வேலை உண்டு. 2020-ல் பயணிகள் விமானங்கள் வரிசையாக நிறுத்தப்பட்டு, விமானிகள் சம்பளமில்லா விடுப்பில் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது சரக்கு விமானிகளுக்கு லீவே கிடைக்கவில்லை. அதே சரக்கு, வரி உயர்ந்தால் வாடும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டது. அதே மாதக் கடைசியில் சிறு பார்சல்களுக்கு இருந்த வரிவிலக்கையும் எல்லா நாட்டுக்கும் நிறுத்தியது. பயணிகள் விமானத்தின் வயிற்றிலும் சரக்கு போகிறது என்பதை மறக்க வேண்டாம். பயணிகள் சேவை பெருகினால் அதுவும் சரக்கு விமானத்துக்குப் போட்டி.

ஒன்பதாம் படி: ஒப்பந்தத்தைப் பெரியவர் ஒருவரோடு உட்கார்ந்து வாசியுங்கள்

மாதச் சம்பளம் எவ்வளவு என்று மட்டும் பார்க்காதீர்கள். எத்தனை மணி நேரத்துக்கு உத்தரவாதம், அதற்கு மேல் பறந்தால் மணிக்கு எவ்வளவு, வெளியூரில் தங்கும் நாளுக்குப் படி எவ்வளவு, வீட்டுக்கு வந்து போக டிக்கெட் யார் செலவு, அது உறுதி டிக்கெட்டா இடமிருந்தால் ஏறும் டிக்கெட்டா? விடுப்பு நாள் வீட்டு வாசலில் தொடங்குகிறதா, ஏதோ ஒரு தூர நாட்டில் விமானத்தை விட்டு இறங்கிய நிமிடத்திலேயே தொடங்குகிறதா? இந்த ஒரு வரியில் மாதத்துக்கு இரண்டு மூன்று நாள் காணாமல் போகும். எந்த நாட்டு ஓய்வு விதி உங்களுக்குப் பொருந்தும்? மருத்துவத் தகுதி போனால் காப்பீடு உண்டா? இத்தனை வருடம் விட்டுப் போக மாட்டேன் என்று எழுதிக் கொடுக்கும் பான்ட் எத்தனை வருடம், பாதியில் போனால் தொகை குறையுமா முழுசாகக் கேட்பார்களா? எழுத்தில் பதில் தராத நிறுவனத்தை நான் நம்புவதில்லை.

பெண் பார்க்கப் போகிற வீட்டில் "சரக்கு ஃப்ளைட்டுங்களா?" என்று ஒரு மாதிரி இழுப்பார்கள். அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பை மாமாவிடம் விட்டுவிடுங்கள். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டீர்கள் என்பதை மட்டும் நீங்களே, பெண்ணிடமோ மாப்பிள்ளையிடமோ நேராகச் சொல்லிவிடுங்கள்.

மாறும்போது

2017-ல் டிஜிசிஏ கொண்டுவந்த விதிப்படி இந்திய விமான நிறுவனத்தை விட்டுப் போக கோ-பைலட் ஆறு மாதமும் கேப்டன் ஒரு வருடமும் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு நிறுவனங்கள் அவ்வளவு நாள் காத்திருக்கப் பழகியவை அல்ல. அதனால் நேர்முகத் தேர்விலேயே இதைச் சொல்லி, சேரும் தேதியை எழுத்தில் வாங்குங்கள். பறந்த மணிநேரக் கணக்கான லாக் புக்கை மாதாமாதம் எழுதி நகல் எடுத்து வையுங்கள். ரகவாரியாகப் பறந்த மணிநேரச் சான்றைப் பழைய நிறுவனத்தில் இருக்கும்போதே கையெழுத்தும் முத்திரையுமாக வாங்கிவிடுங்கள், வெளியே வந்த பிறகு அதற்காக அலைவது பெரும்பாடு. சேரும் கடிதம், சான்று, பான்ட் கணக்கு மூன்றும் கையில் வந்தபிறகு ராஜினாமாவைக் கொடுங்கள்.